ஓர் உறை, இரண்டு கத்தி

காலை ஏழரைக்கு மேஜையில் உட்கார்ந்து லேப்டாப்பின் பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரையில் நாலு வரி வந்து நிற்கும். எனக்கு வேண்டியவை அதில் இரண்டு: மேலே உபுண்டு, கீழே விண்டோஸ். அடியில் பத்து விநாடி ஒவ்வொன்றாகக் குறையும். இந்தப் பத்து விநாடியை நான் மனமாரப் புகழ்கிறேன். ஜெர்மனிக்கு வந்த ஏழு ஆண்டுகளில், உனக்கு என்ன வேண்டும் என்று நாள் தவறாமல் என்னைக் கேட்ட பொருள் வேறு எதுவும் இல்லை. காபி எடுக்கப் போய்விட்டால் அது கோபித்துக்கொள்வதில்லை. தானாக லினக்ஸுக்குள் போய்விடும். அன்றைக்குத் தேவை விண்டோஸ் என்றால் திறந்ததை மூடி, மறுபடி பொத்தானை அழுத்தி, மறுபடி அதே நாலு வரிக்கு முன்னால் உட்கார வேண்டும். இரண்டாம் முறையும் அதே நிதானத்தோடு கேட்கும். அதன் பொறுமையில் பாதி எனக்கும் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல்தான் வந்தது என்றாலும், வந்தது வந்ததுதான்.

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள் நம் ஊரில். இருக்கும். ஒன்றை உருவும்போது மற்றது உறைக்குள் அசைவில்லாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

எனக்கு இரண்டும் வேண்டியிருப்பதற்குக் காரணம் இங்கேயுள்ள தொழிற்சாலைகள். நான் வேலை பார்ப்பது பவேரியாவில் பன்னிரண்டு பேர் உள்ள ஒரு சின்ன நிறுவனம். பொட்டலம் கட்டும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுகிறோம். இயந்திரத்தின் கை கால்களை ஆட்டுவிப்பது பிஎல்சி என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி. நான் போகிற ஆலைகளில் பெரும்பாலும் சீமென்ஸ் பெட்டிகள்தான். அவற்றுக்கு நிரல் எழுதும் டிஐஏ போர்ட்டல் விண்டோஸில் மட்டுமே ஓடும். அதே இயந்திரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, எத்தனை பொட்டலம் போனது என்று கணக்கை மேலே அனுப்பும் சிறு கணினிக்குள் இருப்பதோ லினக்ஸ். அதை யோக்டோ என்கிற கருவி கொண்டு நாமே சமைத்து இறக்க வேண்டும். யோக்டோவுக்கு லினக்ஸ் அடுப்புதான் ஆகும். இயந்திரம் ஒன்று, வாடிக்கையாளர் ஒருவர், பொறியாளன் ஒருவன், அடுப்பு மட்டும் இரண்டு.

யோக்டோவில் முதல் பில்ட் என் லேப்டாப்பில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். விசிறி இரையும், விசைப்பலகையின் மேல்பகுதி கை வைக்க முடியாமல் சுடும். ஒரு நாள் இரண்டரை மணி நேரம் ஓடிய நிலையில் வாடிக்கையாளரிடமிருந்து ஃபோன். பொட்டலம் போகும் பட்டை நடுவில் நிற்கிறதாம், பிஎல்சி நிரலைப் பார்க்க வேண்டுமாம். நிரல் இருப்பது அதே லேப்டாப்பில், என் கைக்கும் அதற்கும் நடுவே ஒரு ஜாண் தூரம்கூட இல்லை. ஆனால் பில்ட் முடியும் வரையில் அது வேறு நாட்டில் இருப்பதற்குச் சமம். பில்ட்டை நிறுத்தினேன். நிறுத்தினால் முடிந்த வேலைகள் வீணாவதில்லை, விட்ட இடத்திலிருந்து பிறகு தொடரும். யோக்டோவின் இந்த நல்ல குணத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். அணைத்து, பத்து விநாடி, கீழ் அம்பு, விண்டோஸ், கடவுச்சொல், டிஐஏ போர்ட்டல் கண்விழிக்க இன்னும் சில நிமிடம். மறுமுனையில் அந்த மனிதர் இரைச்சலுக்கு நடுவே காத்துக்கொண்டிருந்தார். “இருக்கீங்களா?” என்று இரண்டு முறை கேட்டார்.

ஒன்றுக்குள் ஒன்றாக விர்ச்சுவல் மெஷின் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம், நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். என்னுடையதில் நினைவகம் 16 ஜிபி. டிஐஏ போர்ட்டலுக்குப் பாதியைக் கொடுத்தால் அது மூச்சு வாங்கும், மீதியை வாங்கிக்கொண்ட யோக்டோவும் மூச்சு வாங்கும். மைக்ரோசாஃப்டே 2016-இல் விண்டோஸுக்குள் லினக்ஸுக்கு ஒரு திண்ணை ஒதுக்கியது. 2019-இல் நிஜமான லினக்ஸ் கெர்னலையே அந்தத் திண்ணையில் உட்கார வைத்தது. நல்ல ஏற்பாடு. கையில் தாராளமாக நினைவகம் உள்ளவர்களுக்கு அது போதும். இரண்டு இயங்குதளத்தை இரண்டு பார்ட்டிஷனில் போட்டு மாறி மாறி எழுப்புவது, காசைக் கொஞ்சம் யோசித்துச் செலவு செய்கிறவர்களின் வழி. நான் அந்தக் கூட்டம்தான். ஒரு லேப்டாப்பின் விலையில் எனக்கு இரண்டு லேப்டாப் கிடைத்திருக்கின்றன. மிச்சமான பணத்தை நான் நேரமாகக் கட்டுகிறேன், தினமும், சில்லறை சில்லறையாக.

இந்த இரண்டு வரியை நான் முதலில் பார்த்தது ஜெர்மனியில் இல்லை. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. எங்கள் பள்ளிக்கு வந்த லேப்டாப்பில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பாஸ் என்றால் சி-டாக் உருவாக்கிய பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை கையில், அரசு செலவில், இரண்டு உலகமும். உலகத்தில் எத்தனை அரசு இப்படிச் செய்திருக்கும்! எங்கள் வகுப்பில் நாற்பது பேருக்கும் கிடைத்தது. இரண்டாவது வரிக்குள் போனால் என்ன செய்யலாம் என்று சொல்லித்தர மட்டும் யாரும் இல்லை. ஒரு மாதத்துக்குள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த கடைக்கார அண்ணன் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு லினக்ஸை “கிளீன்” பண்ணிக் கொடுத்தார்; சினிமா வைக்க இடம் கிடைத்தது. நானும் வரிசையில் நின்றேன். என் சம்பளத்தில் பாதியை இன்று எனக்குத் தருவது, அன்று ஐம்பது ரூபாய் கொடுத்து அழித்த அந்த வரிதான்.

அதற்கும் சில ஆண்டுகள் முன்னால், 2007 வாக்கில், சி. உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கும் அதுவே போனது. சூசே நிறுவனம் நியூரம்பெர்க்கைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. 1992-இல் நான்கு இளைஞர்கள் தொடங்கியது. நியூரம்பெர்க் ஸ்டேஷனில் ரயில் மாறும் ஒவ்வொரு முறையும் அதன் பச்சைப் பச்சோந்திச் சின்னம் எனக்கு ஞாபகம் வரும். இங்கிருந்து நம் பள்ளிக்கூடம் வரை வந்த ஒன்று, ஒரு வாத்தியார் இல்லாத குறையால் திரும்பிப் போயிருக்கிறது.

ஜெர்மனியில் ஒரு பெருநகரமே இந்த இரண்டு வரிக்கு முன்னால் உட்கார்ந்த கதை உண்டு. மியூனிக் நகராட்சியின் கணினிகளில் விண்டோஸ் என்டி 4 ஓடிக்கொண்டிருந்தது; அதற்கான ஆதரவு முடியப் போகிறது என்றதும் நகரம் யோசித்தது. 2003 மே 28-இல் சுமார் 14,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற நகரமன்றம் முடிவெடுத்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டு மேயர் கிறிஸ்டியான் ஊடேவைப் பார்க்க வந்தார். மேயர் உபசரித்தார், மனம் மாறவில்லை. திட்டத்துக்கு லிமுக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நகராட்சிக் கடிதங்களுக்கும் படிவங்களுக்கும் வோல்முக்ஸ் என்று ஒரு கருவியைத் தாங்களே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். பத்து ஆண்டு உழைப்பு. 2013 முடிவில் ஏறக்குறைய 15,000 கணினிகள் லினக்ஸில் வந்து நின்றன. உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள்.

அந்தப் பத்து ஆண்டிலும் விண்டோஸ் நகராட்சியை விட்டு முழுதாகப் போகவில்லை. சில துறைகளின் தனி மென்பொருள்கள் அதில் மட்டுமே ஓடும். ஆகவே நகரமே ஒரு பெரிய இரட்டை லேப்டாப்பாக இருந்தது: இரண்டுக்கும் ஆள், இரண்டுக்கும் அப்டேட், இரண்டுக்கும் பயிற்சி. 2017 நவம்பர் 23-இல் நகரமன்றம் மறுபடி விண்டோஸ் என்று முடிவெடுத்தது. அந்தத் திரும்பலுக்கு மதிப்பிட்ட செலவு சுமார் 5 கோடி யூரோ. 2020-இல் பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து ஆட்சி அமைத்தபோது, பொதுப் பணத்தில் எழுதும் நிரல் பொதுவாகவே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள்.

இந்த நகரத்தை நான் மதிக்கிறேன். எடுத்த முடிவை எழுதி வைத்தது, ஓட்டெடுத்தது, செலவை வெளியில் சொன்னது, எழுதிய நிரலை ஊருக்குக் கொடுத்தது. போகும்போதும் கட்டணம் கட்டியது, திரும்பும்போதும் கட்டியது. இரண்டு தடவையும் கட்டியது வரி செலுத்துகிறவர்கள். நானும் இப்போது அவர்களில் ஒருவன். அந்தப் பணம் வோல்முக்ஸாக மட்டும் இருந்திருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. பெரும்பகுதி, வந்த வழியே திரும்பி நடந்த கூலி. வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024 ஏப்ரலில் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீசுக்கும் பிறகு லினக்ஸுக்கும் மாற்றப் போவதாக அறிவித்து, முதலில் அலுவலக மென்பொருள், பிறகு அஞ்சல், கடைசியில் இயங்குதளம் என்று படிப்படியாகப் போகிறது. மியூனிக் கட்டிய கட்டணத்தில் இவர்களுக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கும்.

நான் கட்டிய ஒரு கட்டணத்தைச் சொல்கிறேன்.

லேப்டாப்பின் பலகையில் சின்ன பேட்டரியோடு ஒரு கடிகாரம் இருக்கிறது, மின்சாரம் இல்லாவிட்டாலும் ஓடும். விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதும். டாஸ் காலத்து வழக்கம். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதும், யூனிக்ஸ் வழக்கம். இரண்டுக்கும் அவரவர் நியாயம் உண்டு. சென்னையில் இப்படிப் பிசகினால் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும், உடனே கண்ணில் படும். ஜெர்மனியில் குளிர்காலத்தில் ஒரு மணி, கோடையில் இரண்டு மணி. பார்த்தால் சரியான நேரம்போலவே இருக்கும். இணையம் கிடைத்ததும் இரண்டும் தாமாகத் திருத்திக்கொள்ளும். அதனால் இதைச் சரிசெய்யும் ஒரு வரிக் கட்டளையை நான் போடாமலே நாட்களை ஓட்டினேன்.

ஒரு ஜூலை மாதம் நியூரம்பெர்க்கிலிருந்து ரயில். காலையில் விண்டோஸில் வேலை, ரயிலில் லினக்ஸ். நெட்வொர்க் இல்லை. மணி மூன்றரை, லேப்டாப்புக்கு ஐந்தரை. நிரலை ஒரு தடவை கம்பைல் பண்ணினேன். உருவான ஆப்ஜெக்ட் ஃபைல்களில் ஐந்தரை என்று முத்திரை விழுந்தது. இறங்கி, வாடிக்கையாளர் இடத்து வைஃபையில் சேர்ந்ததும் கடிகாரம் நாலு மணிக்குத் திரும்பியது. நாலு ஐந்துக்கு நிரலில் ஒரு பிழையைத் திருத்தி, மேக் கட்டளையை ஓட்டினேன். மேக் பார்ப்பது முத்திரையை மட்டும்தான்: மூல நிரல் நாலு ஐந்து, ஆப்ஜெக்ட் ஐந்தரை, ஆகவே ஆப்ஜெக்ட்தான் புதியது, தொட வேண்டியதில்லை. திருத்தம் உள்ளே போகவே இல்லை. பழைய நிரலை இயந்திரத்தில் இறக்கினேன். பட்டை ஓடி, அதே பதினேழாவது பொட்டலத்தில் அதே மாதிரி நின்றது. என் திருத்தம் தப்பு என்று நினைத்து மறுபடி திருத்தினேன், மறுபடி பதினேழில் நின்றது. ஷிஃப்ட் முடிந்து கிளம்ப வேண்டிய இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு எனக்காக நின்றார்கள். அதில் ஒருவர் குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவர வேண்டியவர். மனைவிக்கு ஃபோன் போட்டு நீ போய்விடு என்று சொன்னது என் காதில் விழுந்தது.

மேக் என்னை எச்சரித்துத்தான் இருந்தது. நூற்றுக்கணக்கான வரிகளின் கடைசியில், கடிகாரம் பிசகியிருக்கிறது, பில்ட் முழுமையில்லாமல் போகலாம் என்று ஒரு வரி. கண்ணால் பார்த்தும் மனத்தால் படிக்கவில்லை. அன்றிலிருந்து திரையில் ஓடும் எந்தக் கடைசி வரியையும் நான் படிக்காமல் விட்டதில்லை. இந்த லேப்டாப் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுக்கொடுக்கவில்லை என்று நான் சொல்வது சத்தியம். அந்த வகுப்புக்கு நான் மட்டும் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னும் இரண்டு பேரை நான் மாலை ஆறரை வரை உட்கார வைத்துவிட்டேன்.

சென்னையின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் குழாயடியில் சண்டை வரும், ஆனால் வாசற்சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். லேப்டாப் என்கிற இந்த வீட்டில் குடியிருக்கும் இருவரில் ஒருவரிடமே வாசற்சாவி இருக்கிறது. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இருக்கும் கணினிகளில், லினக்ஸின் முதல் சிறு நிரலான ஷிம், வழக்கமாக மைக்ரோசாஃப்டின் கையெழுத்தோடு வந்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்தக் கையெழுத்தைத் தர ஒத்துக்கொண்டது நல்ல மனசுதான். இல்லையென்றால் என்னைப்போன்றவர்கள் பாதுகாப்பையே அணைத்து வைக்க வேண்டியிருக்கும். 2024 ஆகஸ்ட் 13-இல், ஓட்டையுள்ள பழைய தொடக்க நிரல்களைத் தடுக்க விண்டோஸில் ஓர் அப்டேட் வந்தது. ஓட்டை நிஜம், அடைக்க நினைத்ததும் சரி. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளில் இது இறங்காது என்று சொல்லியிருந்தார்கள். பல கணினிகளில் இறங்கியது. லினக்ஸைத் தொட்டால், ஏதோ பெரிதாகத் தவறிவிட்டது என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டுத் திரை அணைந்தது. தற்காலிக வழி சில நாளில் சொன்னார்கள். முழுத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில் வந்தது. அந்த ஒரு வரி நேர்மையான வரி, அதற்கு என் மரியாதை உண்டு. நடுவில் ஒன்பது மாதம்.

தமிழ் விஷயத்தில் மட்டும் எனக்கு இந்த லேப்டாப் மேல் ஒரு குறையும் இல்லை. வேலைக் குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுவேன். தமிழ்99 இரு பக்கமும் ஒரே மாதிரி தட்டலாம். அங்கே நிர்மலா எழுத்துரு, இங்கே நோட்டோ. அதே பத்தி அங்கே ஒன்பது வரி, இங்கே பத்து வரி. எழுத்து ஒன்றுகூட உடைவதில்லை. யூனிகோட் என்று எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டதால் வந்த சுகம் இது. கடிகாரத்துக்கும் யாராவது இருபது வருடம் முன்னால் அப்படி உட்கார்ந்திருக்கலாம்.

போன மாதம் இங்கோல்ஸ்டாட்டுக்குப் போனேன். அங்கே சித்தி வழியில் தம்பி முறையாகும் ஒரு பையன் இருக்கிறான். முதுகலை படிக்கத் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறான். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்டிவிட்டு, மாதம் 992 எடுத்துச் சாப்பிடுகிற பிள்ளை. இன்னொரு லேப்டாப் என்ற பேச்சே கிடையாது. அவன் மெத்தையின் மேல் 512 ஜிபி டிஸ்கோடு அவனுடையது திறந்திருந்தது.

“அண்ணா, ரெண்டும் போட்டுரலாமா?”

போட்டுவிடலாம் என்றேன். முதலில் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்தேன். 2012-இல் வந்த வசதி. சீக்கிரம் எழுந்திரிக்கும், உண்மைதான். ஆனால் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாகத் தூங்காது, பாதி விழிப்பில் டிஸ்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் லினக்ஸ் எழுந்து அதே டிஸ்கில் எழுதப் போனால் விபரீதம். பிறகு கடிகாரக் கட்டளை, எனக்கு ஒரு மாலைப்பொழுது செலவு வைத்த அதே வரி. பிறகு டிஸ்கைப் பூட்டியிருந்த பிட்லாக்கரின் மீட்புச் சாவி: 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டு கட்டு. பூட் முறையை மாற்றினால் அதைக் கேட்கும்.

“ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கிறேன்ணா.”

“எடுத்துக்கோ. நோட்டுலயும் எழுது.”

சூட்கேசிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். கடைசிப் பக்கத்தில் சித்தி கையெழுத்தில் ரசப்பொடி அளவு இருந்தது: மல்லி இவ்வளவு, மிளகு இவ்வளவு. அதற்குக் கீழே நான் படிக்கப் படிக்க எட்டு கட்டு இலக்கத்தை எழுதினான். ஒரு கட்டில் 7-ஐ 1 மாதிரி போட்டான். அழித்து, ஜெர்மன்காரர்கள் போடுவதுபோல் நடுவில் கோடு கிழித்து எழுதச் சொன்னேன்.

“ரெண்டும் ஒண்ணா ஓடாதாண்ணா?”

“ஓடாது தம்பி. ஒண்ணை அணைச்சாத்தான் இன்னொண்ணு.”

“அப்ப இதுல பில்ட் ஓடும்போது அதுல அசைன்மென்ட் எழுத முடியாது?”

“முடியாது.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மறுதொடக்கம் கொடுத்தான். கறுப்புத் திரையில் வரிகள் வந்தன, பத்திலிருந்து குறையத் தொடங்கியது. கீழ் அம்பு விசையில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“நாளைக்கு லேப் எதுல?” என்றேன்.

“டிஐஏ போர்ட்டல்ணா.”

“அப்ப கீழ போ.”